வலமும் இடமும்

தமிழ் படித்தவர்களுக்கு ஒலிப்பதிவு மென்பொருளோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சுவடியோடும் அச்சுப் புத்தகத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியவர்கள், கணினித் திரையில் பச்சையும் நீலமுமாக ஓடும் அலைக்கோடுகளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பார்ப்பவர்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் நாட்டார் வழக்காறு படித்தவர்களுக்கு இது புதிய வேலை அல்ல. பாட்டு ஏட்டில் ஏறுவதற்கு முன்பே நாடாவில் ஏறிவிட்டது. நாடா மங்குவதற்குள் அதைக் கணினிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் நம் தலைமுறையின் ஏடு பெயர்த்தெழுதும் பணி.

நாங்கள் இருவர். ஒரே கல்லூரியில், ஒரே துறையில் தமிழ் கற்பிக்கிறோம். எங்கள் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்று, பின்னர் மறைந்த பேராசிரியர் ஒருவர் 1980களில் திருநெல்வேலிச் சீமையின் கோயில் கொடைகளில் பதிவு செய்த 40 ஒலிநாடாக்களை அவர் குடும்பத்தார் துறைக்குத் தந்தார்கள். எல்லாம் 90 நிமிட நாடாக்கள். மொத்தம் 60 மணி நேரம். கூடவே ஒரு கோடுபோட்ட நோட்டுப்புத்தகம். அதில் ஊர், கோயில், தேதி, பாடிய கதை, அண்ணாவியின் பெயர் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சில நாடாக்களுக்கு எதிரே சிவப்பு மையில் 'இரண்டு மைக்' என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

*

மோனோ, ஸ்டீரியோ என்ற சொற்கள் நம் எல்லோர் வீட்டுக்கும் பழக்கமானவை. டேப் ரிக்கார்டரின் நெற்றியில் 'ஸ்டீரியோ' என்று பொறித்திருந்தால் அது உயர்ந்த சரக்கு என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. ஸ்டீரியோ என்றால் சத்தம் அதிகம், இரண்டு ஸ்பீக்கர் உண்டு என்பதே பொதுப் புரிதல். மென்பொருளில் வேலை செய்யத் தொடங்கியபோது முதலில் களைய வேண்டியிருந்தது இந்தப் புரிதலைத்தான்.

நாங்கள் பயன்படுத்துவது அடாசிட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கப்பட்டு 2000ஆம் ஆண்டு மே மாதம் வெளியான இலவச மென்பொருள். அதில் ஒரு மோனோ தடத்தைத் திறந்தால் ஒற்றை அலைக்கோடு தெரியும். ஸ்டீரியோ தடத்தைத் திறந்தால் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு அலைக்கோடுகள் தெரியும். மேலே இருப்பது இடது, கீழே இருப்பது வலது. ஆனால் இரண்டு கோடுகள் இருப்பதனாலேயே அது ஸ்டீரியோ ஆகிவிடாது. இரண்டிலும் அச்சு அசலாக ஒரே ஒலி இருக்கலாம். அப்போது அது ஒரே ஓலையை இரண்டு முறை படியெடுத்து ஒன்றாகக் கட்டியது போல. கட்டு பருமனாகும், பாடம் கூடாது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோ தடங்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றுள் ஒன்றைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அதாவது அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிடும். பிறகு இரண்டையும் கலந்தால், இரண்டிலும் ஒன்றாக இருந்தவை யாவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முழு மௌனம் வந்தால் இரண்டு தடமும் ஒன்றே. ஏதாவது எஞ்சினால் எஞ்சியதுதான் வேறுபாடு. பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்துப்போகும். இரண்டு பிரதிகளில் ஒத்தவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, ஒவ்வாதவற்றை மட்டும் கையில் தரும் ஒத்துநோக்கு முறை அது. (பழைய நாடாக்களில் முழு மௌனம் ஒருபோதும் வராது. நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சல் இரு தடத்திலும் தனித்தனியானது. அது எஞ்சும்.)

40 நாடாக்களையும் இப்படிச் சோதித்ததில் 26 நாடாக்கள் உண்மையில் மோனோ. பேராசிரியர் சிறிய ஒற்றை மைக் கருவியில் பதிவு செய்த நேர்காணல்கள், தாலாட்டுகள், ஒப்பாரிகள். இவற்றை மோனோவாக ஆக்குவதுதான் முறை. பாடும் குரல் இரண்டு தடத்திலும் ஒன்றேயாதலால் சேர்ந்து வலுக்கும். இரைச்சல் தனித்தனியாதலால் அந்த அளவுக்கு வலுக்காது. ஆக, குரலோடு ஒப்பிட இரைச்சல் 3 டெசிபல் அளவு குறையும். ஒலித்தலை கோணலாக இல்லாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கோணலாக இருந்தால் ஒரு தடம் மற்றதைவிடச் சற்றே பிந்தி வரும். கலக்கும்போது ஜால்ராவின் மினுமினுப்புப் போன்ற உயர் ஒலிகள் மங்கிவிடும். ஒலித்தலையின் அருகிலுள்ள சிறு திருகாணியை நாடாவுக்கு நாடா திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

எஞ்சிய 14 நாடாக்கள் சிவப்பு மைக் குறிப்புக்கு உரியவை. அவை எல்லாமே வில்லுப்பாட்டு.

*

ஸ்டீரியோ என்பது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். நமக்கு இரண்டு காதுகள். வலப்புறம் எழும் ஓசை வலக்காதுக்கு முதலில் எட்டும். இடக்காதுக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தி எட்டும். தலை மறைப்பதால் சற்று அடங்கியும் எட்டும். இந்த மிகச் சிறிய வேறுபாட்டைக் கொண்டு ஓசை எங்கிருந்து வருகிறது என்று மூளை கணக்கிட்டுவிடுகிறது. ரேலி பிரபு என்ற ஆங்கிலேய அறிவியலர் 1907இல் இதை விளக்கியிருக்கிறார்.

அதற்கும் முன்பே, 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் ஆதேர் என்பவர் இசைநாடக அரங்கின் மேடையில் பல ஒலிவாங்கிகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே, காதுக்கு ஒன்றாக இரண்டு ஒலிவாங்கிகளின் ஓசையைக் கேட்கச் செய்தார். பாடகர் மேடையில் நடப்பதைக் கண்ணால் காணாமல் காதால் அறிய முடிந்தது. பின்னர் இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் இன்றைய ஸ்டீரியோவுக்கு அடிப்படையான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். திரைப்படம் பார்க்கப் போனவர், நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தும் குரல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டு மனைவியிடம் அதைப் பற்றிப் பேசினார் என்றும், அதுவே தொடக்கம் என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியாயினும் கருத்துச் சரியானது. மோனோவில் ஓசை இருக்கிறது. ஸ்டீரியோவில் ஓசையோடு அது நிற்கும் இடமும் இருக்கிறது. நம் மரபில் சொன்னால், முதற்பொருளில் பாதியாகிய நிலம் சேர்கிறது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் ஒருமுக எழினியையும் பொருமுக எழினியையும் நினைவில் வைத்திருந்த எங்கள் மாணவி ஒருத்தி, மோனோவுக்கு ஒருமுகம் என்றும் ஸ்டீரியோவுக்குப் பொருமுகம் என்றும் பெயரிட்டாள். ஒரு பக்கமிருந்து இழுக்கும் திரை ஒன்று. இரு பக்கமிருந்தும் வந்து பொருந்தும் திரை மற்றொன்று. துறையில் இப்போது அதுவே வழக்காகிவிட்டது. 'இந்த நாடா பொருமுகமா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

*

வில்லுப்பாட்டைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருக்க வாய்ப்புக் குறைவு. அக்கலை இயல்பிலேயே பொருமுகமானது. மணி கட்டிய வில்லின் முன் அண்ணாவி வீசுகோலோடு அமர்ந்திருப்பார். வில்லோடு சேர்த்துக் குடம் கட்டப்பட்டிருக்கும். உடுக்கு, தாளம், கட்டை ஆகியவை இருபுறமும் பிரிந்து அமையும். குழுவே இரண்டு அணி. வலப்பக்கம் இருந்து பாடுவோர் வலம்பாடிகள். இடப்பக்கம் இருப்போர் இடம்பாடிகள். ஒருவர் அடியெடுக்க மற்றவர் வாங்குவார். ஒருவர் கேட்க மற்றவர் மறுமொழி சொல்வார். கதை நடுவில் நிற்கும். பாட்டு இரு கரைக்கும் போய் வரும். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களைப் படித்திருக்கிறோம். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றி எழுதிய ஆங்கில நூலையும் படித்திருக்கிறோம். ஆயினும் அச்சில் படிக்கும்போது பாட்டு ஒற்றை ஓட்டமாகத்தான் ஓடுகிறது. எந்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தாளில் தெரிவதில்லை.

பேராசிரியர் இதை அறிந்திருக்கிறார். அண்ணாவியின் பக்கம் ஒரு மைக், இடம்பாடியின் பக்கம் ஒரு மைக் என்று வைத்து, இரண்டையும் இரண்டு தடத்தில் பதிவு செய்திருக்கிறார். இதில் ஒரு சிறு குழப்பமும் உண்டு. பாடுவோருக்கு வலம், எதிரே அமர்ந்து கேட்போருக்கு இடம். ஆகவே நாடாவின் இடது தடத்தில் வலம்பாடியும் வலது தடத்தில் இடம்பாடியும் இருக்கிறார்கள். மென்பொருளில் தடங்களை இடம் மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு சொடுக்கு போதும். நாங்கள் மாற்றவில்லை. பேராசிரியர் பந்தலில் எங்கே உட்கார்ந்து கேட்டாரோ அங்கேயே நாமும் உட்கார்ந்து கேட்போம் என்று விட்டுவிட்டோம். விளக்கக் குறிப்பில் மட்டும் எழுதி வைத்தோம்.

*

சிக்கல் 1986ஆம் ஆண்டு நாடா ஒன்றில் வந்தது. இடது தடம் தெளிவு. அண்ணாவியின் கணீரென்ற குரல் பக்கத்தில் நின்று பாடுவது போல் கேட்கிறது. வலது தடத்திலோ மின்கம்பியிலிருந்து வந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் தொடர்ந்து ஓடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் யோசனை கேட்டோம். அனுபவசாலி, உதவும் மனம் உள்ளவர். 'வலது தடம் கெட்டிருக்கிறது. அதை நீக்கிவிட்டு இடதை மட்டும் மோனோவாக வைத்துக்கொள்ளுங்கள் சார். பாட்டு சுத்தமாக இருக்கும், கோப்பும் பாதியாகிவிடும்' என்றார். தொழில்நோக்கில் பிழை சொல்ல முடியாத யோசனை. ஒரே பாட்டு இரண்டு மைக்கில் பதிந்திருந்தால், நல்லதை வைத்துக்கொண்டு அல்லதைத் தள்ளுவதுதான் எவரும் செய்வது. துறையிலேயே சிலருக்கு அதில் உடன்பாடு இருந்தது. எங்களுக்குள்ளும் இரண்டு நாள் விவாதம் நடந்தது. நோட்டுப்புத்தகத்தில் அண்ணாவியின் பெயர் மட்டுமே இருக்கிறது. அவர் குரலோ இடது தடத்தில் முழுமையாக இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்பது ஒரு கட்சி.

இரண்டாவது வழி, இரண்டையும் கலந்து ஒன்றாக்குவது. ஸ்டீரியோவை மோனோவாகக் கலக்கும் கட்டளை இரு தடங்களையும் பாதிப்பாதியாக எடுத்துக் கூட்டுகிறது. நகல் ஒன்றில் அதைச் செய்து பார்த்தோம். வியப்பு காத்திருந்தது. குடத்தைக் காணோம். தனித்தனியே கேட்டபோது இரண்டு தடத்திலும் கும்மென்று ஒலித்த குடத்தின் அடிநாதம், கலந்த பிறகு தகர டப்பாவைத் தட்டுவது போல் ஆகிவிட்டது. குரல்களும் நீர்த்துப்போயின.

காரணத்தைத் தேட அலைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம். குடத்தின் ஒவ்வோர் அடியிலும் மேல் தடத்தின் அலை எழும்போது கீழ்த் தடத்தின் அலை தாழ்ந்தது. இரண்டு மைக்குகளுள் ஒன்றின் கம்பி முனைகள் என்றோ இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். தனியே கேட்கும்வரை இதனால் ஒரு குறையும் தெரியாது. சேர்த்தால்தான் தெரியும். அதிலும் குறிப்பாக அடியொலிகள் அழியும். அவற்றின் அலை நீளமானது. சில அடி இடைவெளியில் இருக்கும் இரண்டு மைக்குகளையும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் எட்டுகிறது. ஆகவே ஒன்று தலைகீழானால் இரண்டும் ஏறக்குறைய முற்றாக அழிந்துவிடும். ஜால்ராவின் அலை குறுகியது. இரண்டு மைக்கிலும் முன்பின்னாகப் பதிந்திருப்பதால் தப்பிவிடுகிறது.

வலது தடத்தை மட்டும் தேர்ந்து தலைகீழாக்கிய பிறகு கலந்தோம். குடம் திரும்பி வந்தது. முன்பு பேதம் காண்பதற்குப் பயன்பட்ட அதே கருவி இப்போது பேதம் தீர்ப்பதற்குப் பயன்பட்டது. கருவி ஒன்றுதான், கேட்கும் கேள்விதான் வேறு.

*

குடம் திரும்பிய மகிழ்ச்சியில் நாங்கள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கலந்த மோனோவில் எல்லாம் இருந்தன: அண்ணாவி, குடம், உடுக்கு, பின்னால் அந்தப் பெண் குரல். ஆனால் அப்பெண் எப்போதும் பின்னால்தான் இருந்தார். அண்ணாவியின் குரல் ஓங்கும்போதெல்லாம் அவர் மறைந்துபோனார். பதிவிலுள்ள இடைவெளி அழிந்ததும், அருகருகே அமர்ந்து பாடிய இருவர் முன்னும் பின்னுமாக வரிசையில் நிறுத்தப்பட்டது போல் ஆகிவிட்டது.

ஆகவே தடத்தைப் பிரித்து, வலதை மட்டும் தனியே கேட்டோம். முனகலைச் சற்றே குறைத்தோம். 90 நிமிடமும் அந்தப் பெண்ணோடு இருந்தோம். அவர் வெறும் பின்பாட்டுக்காரர் அல்லர். அண்ணாவி கதையை முன்னே ஓட்டும்போது இவர் அதை நிறுத்திக் கேள்வி கேட்கிறார். சில இடங்களில் அண்ணாவி அடியைத் தவறவிட, இவர் மெல்ல எடுத்துக் கொடுக்கிறார். அண்ணாவியின் மைக்கில் அது பதியவில்லை. கதையின் சோகமான கட்டத்தில் ஒப்பாரி மெட்டு முழுதும் இவருடையது. நோட்டுப்புத்தகத்தில் பெயரில்லை. அக்காலத்துக் களப்பணிக் குறிப்புகள் பலவற்றில் குழுத்தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்; அதில் வியப்பில்லை.

நாடாவின் கடைசிப் பகுதியில் அண்ணாவி மங்களம் பாடுகிறார். கலந்த மோனோவில் அதற்குப் பின்னால் ஏதோ பேச்சிரைச்சல் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வலது தடத்தில் மட்டும் கேட்டால், இடப்பக்கம் நின்ற கோயில் பெரியவர் ஒருவர் குழுவினருக்குப் புதுத்துணி கொடுக்கப் பெயர் சொல்லி அழைப்பது தெளிவாகக் கேட்கிறது. வில்லடிச்ச அண்ணாவிக்கு வேட்டி. இடம்பாடின இன்னாருக்குச் சேலை. ஊரும் பெயரும் சேர்த்துச் சொல்கிறார். நாலைந்து நொடி. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தப் பெயர், 'கெட்ட' தடம் என்று தள்ளப்படவிருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது.

*

சொன்ன ஊருக்குப் போனோம். பாடியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். தாயார் வில்லுக்குப் பாடப் போனது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. குரல் பதிவாகியிருக்கிறது என்பதுதான் தெரியாது. அம்மாவின் ஒரு புகைப்படம்கூட வீட்டில் இல்லை.

பேரன் தன் கைபேசியில் கோப்பைப் போட்டு, காதொலிப்பானைப் பாட்டியின் காதில் மாட்டினான். அவருக்கு வலக்காது சிறுவயதிலிருந்தே கேட்காது. அதனால் இடக்காதில் மட்டும் மாட்டினான். இடது தடம், அண்ணாவியின் தடம். சற்று நேரம் கேட்டவர், 'எங்கம்மை சத்தந்தான் தம்பி. ஆனா தூரத்துல நிக்காளே' என்றார்.

பேரன் சுட்டி. 'ஆர்' என்று எழுதியிருந்ததை எடுத்து இடக்காதில் மாற்றி மாட்டினான். இப்போது தாயின் குரல் காதருகே வந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். இரண்டு மூன்று நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, 'இப்பம் அண்ணாவி தூரத்துல போயிட்டாரு. ரெண்டுபேரும் பக்கத்துல பக்கத்துல இருந்துல்லா பாடுவாவ' என்றார்.

ஸ்டீரியோவைப் பற்றி இதைவிடத் துல்லியமான திறனாய்வை நாங்கள் கேட்டதில்லை. இரு காதும் கேட்பவர்களுக்கு அவ்விருவரையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்தும் அதே முறை, ஒரு காது மட்டும் கேட்பவருக்கு ஒருவரை நெருக்கி மற்றவரை விலக்கிவிடுகிறது. அவருக்கு வேண்டியது மோனோ. நாங்கள் கொண்டுபோயிருந்த மடிக்கணினியில், வலது தடத்தைத் தலைகீழாக்கிச் சரிசெய்த நகல் இருந்தது. அதில் அம்மாவின் குரலைச் சற்று உயர்த்தி, இரண்டையும் கலந்து, ஒற்றைத் தடமாக்கிக் கைபேசிக்கு மாற்றிக் கொடுத்தோம். இன்றைய கைபேசிகளில், கேட்கும் எதையும் மோனோவாக மாற்றித் தரும் வசதி, செவித்திறன் குறைந்தோருக்கான அமைப்புகளுள் ஒன்றாக இருக்கிறது. பேரனுக்கு அதையும் காட்டினோம். திருப்பாத மூலக்கோப்பை அந்த வசதியில் கேட்டால் குடம் மறைந்துவிடும் என்பதால், அதற்கும் சரிசெய்த நகலையே கொடுத்தோம்.

அவர் முழுவதையும் கேட்டார். சேலை கொடுக்கும் இடம் வந்தபோது, 'அந்தச் சேலை பச்சை' என்றார். அதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

*

பதிப்புப் பணியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கினார். ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைத்தாலும், பிறவற்றைப் பிரதிபேதம் என்று காட்டிவைக்கும் முறையை அவர் பதிப்புகளில் காண்கிறோம். சிதைந்த ஏடு என்பதற்காக ஏட்டை எறிந்துவிடவில்லை. படிப்பவர்க்கு ஒரு பாடம் வேண்டும்; ஆய்பவர்க்கு எல்லாப் பாடமும் வேண்டும். இரண்டு தேவையும் உண்மையானவை. ஒன்றுக்காக மற்றதை அழிப்பதுதான் தவறு.

மோனோவும் ஸ்டீரியோவும் அப்படித்தான் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. கேசட்டை 1963இல் அறிமுகப்படுத்திய பிலிப்ஸ் நிறுவனம், பின்னர் அதில் ஸ்டீரியோவைக் கொண்டுவந்தபோது, ஒரு பக்கத்துக்குரிய இடது வலது தடங்களை நாடாவில் அடுத்தடுத்து அமைத்தது. ஒற்றை ஒலித்தலையுடைய பழைய மோனோ கருவியில் அதே நாடாவைப் போட்டால், அந்தத் தலை இரண்டு தடத்தையும் சேர்த்துப் படித்துவிடும். பண்பலை வானொலியிலும் இதே கருணை உண்டு. இடதும் வலதும் கூடிய ஒலி முதன்மையாக வருகிறது. இரண்டின் வேறுபாடு தனியே மறைவாக வருகிறது. எளிய வானொலி கூட்டலை மட்டும் கேட்கும். ஸ்டீரியோ வானொலி வேறுபாட்டையும் கொண்டு இரண்டையும் பிரித்துக்கொள்ளும். எதுவும் இழக்கப்படுவதில்லை.

இதில் ஒரு வழிப்பாதையும் இருக்கிறது. ஸ்டீரியோவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மோனோவை ஆக்கிக்கொள்ளலாம். மோனோவாகக் கலந்தபின் பழைய இரண்டு தடங்களைத் திரும்பப் பெற இயலாது. குரல்களைப் பிரித்துத் தரும் புதிய மென்பொருள்கள் வந்திருக்கின்றன. அவை தருவது ஊகம்தான், ஏடு ஆகாது. இட நெருக்கடி என்ற வாதமும் இன்று நிற்காது. ஒலி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஏறக்குறைய 1 ஜி.பி. எங்கள் 60 மணி நேரமும் சேர்ந்து 62 ஜி.பி. மோனோவானால் 31. மிச்சப்படும் 31 ஜி.பி.யின் விலை, சட்டைப்பையில் போடும் ஒரு நினைவகக் குச்சியின் விலையிலும் பாதி.

ஆகவே துறையில் ஒரு நடைமுறை வகுத்துக்கொண்டோம். நாடாவிலிருந்து வந்தது வந்தபடி, முனகலோடும் இரைச்சலோடும், ஸ்டீரியோவாக ஒரு மூலக்கோப்பு. அதில் கைவைப்பதில்லை, தலைகீழான தடத்தைக்கூடத் திருப்புவதில்லை. குறிப்பில் எழுதுவதோடு சரி. அதன் நகலில் திருத்தங்கள் செய்து கேட்பதற்கு ஒரு ஸ்டீரியோ. தேவைப்படுவோருக்கு ஒரு மோனோ. உண்மையில் மோனோவான 26 நாடாக்களுக்கும் மூலம் இரட்டைத் தடமாகவே இருக்கிறது. கேட்கும் படி மட்டும் ஒற்றை. ஒவ்வொரு கோப்புக்கும், எந்தத் தடத்தில் யார், பாடுவோரின் வலமா கேட்போரின் வலமா என்ற குறிப்பு உண்டு.

இக்குழுமத்தில் எழுதும், வாசிக்கும் நண்பர்கள் பலர் வீட்டில் பழைய நாடாக்கள் இருக்கும். தாத்தாவின் சொற்பொழிவு, திருமணத்தில் பதிவான நாகசுரம், யாரோ பாடிய கும்மி. கணினிக்கு மாற்றத் தொடங்கும்போது மென்பொருள் முதலில் கேட்கும் கேள்வி, மோனோவா ஸ்டீரியோவா என்பதாகத்தான் இருக்கும். ஸ்டீரியோ என்றே சொல்லுங்கள். நாடா கருவியின் இரட்டைக் கம்பியைக் கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். பல மடிக்கணினிகளில் அது ஒற்றைத் தடம்தான். ஸ்டீரியோ வாங்கும் 'லைன் இன்' துளையையோ, வெளியே இணைக்கும் சிறு ஒலிக்கருவியையோ பயன்படுத்துங்கள். பதிவானதும் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே, முழுதாக ஒருமுறை கேளுங்கள். கெட்டது என்று தோன்றும் தடத்தை முதலில் கேளுங்கள்.

எங்கள் பட்டியலில் அந்த 1986 நாடாவுக்கு எதிரே இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வலம் என்பதற்கு நேரே அண்ணாவியின் பெயர். இடம் என்பதற்கு நேரே அந்த அம்மையாரின் பெயர். இணையத்தில் வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டதால் அதை இங்கே எழுதவில்லை. துறைக்கு வந்தால் காட்டுவோம். அதன் கீழே 'குடம்' என்று ஒரு வரி எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறோம். பெரியவர் அவரையும் அழைத்துத்தான் வேட்டி கொடுக்கிறார். ஆனால் சரியாக அந்நேரம் யாரோ வேட்டு போட்டிருக்கிறார்கள். இரண்டு தடத்திலும் வேட்டுதான் கேட்கிறது. அந்த ஊர்ப்பக்கம் வில்லுப்பாட்டுக் குழுக்களை அறிந்தவர்கள் யாரேனும் இதை வாசித்தால் துறைக்கு எழுதுங்கள்.